செப்பேட்டிலிருந்து செங்கல் சூளை வரை: நம் ஒன்றியத்தைப் பாடமாக்குவது

(திருவாலங்காடு ஒன்றியத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏழாம் வகுப்பில் தென் அமெரிக்காவை நடத்துகிறோம். பிரேசில் என்றதும் பிள்ளைகள் அமேசான், காப்பி, கால்பந்து என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். அதே பிள்ளையிடம், "உன் ஊருக்குப் பக்கத்தில் ஓடும் ஆறு எங்கே போய்ச் சேருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். கொசஸ்தலையாறு என்ற பெயர் வரும். அது பூண்டி ஏரியில் தேங்கி, சென்னைக்குக் குடிநீராகி, மிச்சம் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலப்பது தெரியாது. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. நம் பாடத்தில் அதற்கு இடம் இருந்ததில்லை.

இன்று உங்களோடு பேச வந்தது இதற்காகத்தான். ஒரு வெளிநாட்டு நகராட்சியைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் தேடினால் மூன்று தலைப்புகள் வரிசையாக இருக்கும்: வரலாறு, மொழிகள், பொருளாதாரம். அதே மூன்று தலைப்புகளை எடுத்துக்கொண்டு நம் திருவாலங்காட்டை எழுதிப் பார்த்தால் என்ன வரும்? நான் எழுதிப் பார்த்தேன். மூன்றும் தனித்தனியாக நிற்க மறுத்தன. செப்பேட்டைத் தொட்டால் வரி வருகிறது, மொழியைத் தொட்டால் எல்லை வருகிறது, எல்லையைத் தொட்டால் தண்ணீர் வருகிறது. அந்தக் கலவையோடுதான் இப்போது பேசப் போகிறேன்.

முதலில் ஊர்ப் பெயர். ஆலமரக் காடு, ஆலங்காடு. வடமொழியில் 'வட' என்றால் ஆல், 'ஆரண்யம்' என்றால் காடு. ஆகவே இறைவன் வடாரண்யேசுவரர். 'வட' என்பதை வடக்கு என்று எண்ணி, 'வடக்குக் காட்டு ஈசுவரர்' என்று விளக்கும் பிள்ளைகள் உண்டு. திருத்தும்போது, ஒரே பெயர் இரண்டு மொழிகளில் உடை மாற்றிக்கொண்டு நிற்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். மொழிப்பாடமும் அங்கேயே தொடங்கிவிடும்.

ஐந்து சபைகளுள் இது இரத்தின சபை என்பதும், காளியோடு சிவன் ஆடிய நடனக் கதையும், மூவர் பாடிய தலம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். இந்த ஊரோடு சேர்த்துச் சொல்லப்படும் இரண்டு பெண்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஒருவர் காரைக்கால் அம்மையார். வணிகர் வீட்டு மருமகள். கணவன் விலகிய பிறகு பேய் வடிவை வேண்டிப் பெற்றுத் திருவாலங்காட்டில் வந்து சேர்ந்தவர். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் அவருடையது. பக்திப் பாடல்களின் தொடக்கத்தில் நிற்கும் கவிஞர் அவர். இந்த ஊரின் சுடுகாட்டைத்தான் பாடினார். இன்னொருத்தி பழையனூர் நீலி. கணவனால் கொல்லப்பட்ட பெண், பேயாகி வந்து பழிதீர்த்த கதை. அவளை நம்பி வணிகனுக்கு உயிர்ப்பிணை சொன்ன பழையனூர் வேளாளர் எழுபது பேர், சொன்ன சொல்லைக் காக்கத் தீயில் இறங்கினார்கள் என்பது மரபு. ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தர் பதிகத்திலேயே இந்தக் கதையின் சாயல் இருக்கிறது.

இரண்டு பெண்களும் 'பேய்' என்றே அழைக்கப்பட்டவர்கள். ஒருவரைக் கோயிலில் வணங்குகிறோம். மற்றவளின் பெயரை, இன்றும் வாதாடும் பெண்ணை ஏசப் பயன்படுத்துகிறோம். 'நீலிக் கண்ணீர்' என்ற வழக்கு அவளிடமிருந்து வந்தது என்பார்கள். கொலை செய்யப்பட்டது யார் என்பதை மட்டும் அந்தச் சொல் மறந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் வகுப்பு அரை மணி நேரம் தானாக ஓடும். பெண் பிள்ளைகள் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இப்போது செப்பேட்டுக்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம் இது.

1905-ஆம் ஆண்டு திருவாலங்காட்டில் ஒரு செப்பேட்டுத் தொகுதி கிடைத்தது. 31 ஏடுகள். புலி, மீன்கள், வில் பொறித்த சோழர் முத்திரையோடு கூடிய வளையத்தில் கோக்கப்பட்டவை. முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1017-18 அளவில், பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் சாசனம் அது. வடமொழிப் பகுதி 271 சுலோகங்கள், கிரந்த எழுத்தில். தமிழ்ப் பகுதி 524 வரிகள். கிருஷ்ண சாஸ்திரி இதைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் 1920-இல் பதிப்பித்தார். சோழர் வரலாறு எழுதிய யாரும் இந்தச் செப்பேட்டைத் தொடாமல் எழுதியதில்லை.

'பொன்னியின் செல்வன்' படம் பார்க்காத பிள்ளை இப்போது வகுப்பில் இருக்காது. சிற்றப்பனுக்கு அரியணையின் மேல் ஆசை இருக்கும்வரை தனக்கு அது வேண்டாம் என்று அருண்மொழிவர்மன் ஒதுங்கிக்கொண்டான் என்ற செய்தி வருவது எங்கிருந்து? நம் ஊர்ச் செப்பேட்டிலிருந்து. கல்கி அதன் மேல் நாவல் கட்டினார். திரையரங்கில் கைதட்டிய பிள்ளைக்கு, அந்தக் கதையின் மூல ஆவணம் தன் பள்ளிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் மண்ணுக்குள்ளோ அறைக்குள்ளோ பல நூற்றாண்டு காத்திருந்தது என்று சொல்லிப் பாருங்கள்.

அதைவிட நல்ல பாடம் ஒன்று இந்தச் செப்பேட்டில் ஒளிந்திருக்கிறது. கொடை நடந்தது ஆறாம் ஆண்டில். ஆனால் வடமொழிப் பகுதி கங்கைப் படையெடுப்பைச் சொல்கிறது. கங்கை நீரால் ஆன வெற்றித்தூணாகச் சோழகங்கம் ஏரி வெட்டப்பட்டதைச் சொல்கிறது. கடல் கடந்து கடாரம் வென்றதையும் சொல்கிறது. கங்கை வெற்றி 1022-23 அளவில், கடாரம் 1025-இல். 1017-இல் எழுதிய பத்திரத்தில் 1025-இன் செய்தி எப்படி வரும்?

இந்த இடத்தில் விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்கட்டும். ஆணை பிறந்த நாள் வேறு, அது செம்பில் வெட்டப்பட்டு முடிந்த நாள் வேறு. புகழுரை பின்னால் சேர்க்கப்பட்டிருக்கிறது என்ற முடிவுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளையே வந்துவிடும். வீட்டில் பட்டா மாறுதலுக்கு அலைந்த அப்பாவைப் பார்த்த பிள்ளை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். ஆவணத்தை நம்புவதற்கு முன் அதனிடம் கேள்வி கேட்கும் பழக்கத்தை வரையறைகளை மனப்பாடம் செய்து பெற முடியாது. இப்படி ஒரு முடிச்சை அவிழ்த்தால் பெறலாம்.

மொழி விஷயத்திலும் செப்பேடு ஒன்று சொல்கிறது. வம்சப் பெருமை, வெற்றி, வருணனை எல்லாம் வடமொழியில். நிலம் எது, எல்லை எது, யாருக்கு என்ன உரிமை, எந்த வரி யாரைச் சேரும் என்பதெல்லாம் தமிழில். புகழைப் படிக்க வேண்டியவர் வேறு, நிலத்தை அளந்து நெல் அளக்க வேண்டியவர் வேறு. ஒரே ஆவணத்தில் இரண்டு மொழி, இரண்டு எழுத்து, இரண்டு வாசகர். நம் ஊர் தொடக்கத்திலிருந்தே ஒற்றை மொழி ஊராக இருந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சோழர்காலக் கொடைச் சாசனங்களில் எல்லை குறிக்கும் முறையைக் கவனித்திருப்பீர்கள். பெண் யானை ஒன்றை எல்லை நெடுக நடத்தி, அதன் பின்னால் அதிகாரிகளும் நாட்டாரும் நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வகுப்பார்கள். 'பிடி சூழ்தல்' என்று பெயர். வாய்க்கால் வெட்டலாம், பிறர் ஏற்றம் இறைக்கக் கூடாது என்பன போன்ற நீர் உரிமைகள் வரும். தறிக்கு, தட்டாருக்கு, குயவருக்கு, இடையருக்கு என்று வரிப்பெயர்கள் வரும். அந்தப் பட்டியலைப் பக்தியோடு பார்க்காமல் தொழில் கணக்கெடுப்பாகப் பாருங்கள். ஓர் ஊரில் யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்பதை அரசு எப்படித் தெரிந்துவைத்திருந்தது என்பது புரியும். சுட்ட செங்கல்லாலோ ஓட்டாலோ மாடமாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் இவ்வகைச் சாசனங்களில் ஒரு தனிச் சலுகையாக எழுதப்பட்டிருக்கும். அதாவது, செங்கல் வீடு எல்லாருக்கும் கிடைத்த உரிமை அல்ல. இந்தச் சுட்ட செங்கல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

அடுத்த பல நூற்றாண்டுகளை விரைவாகக் கடக்கிறேன். விசயநகரம், நாயக்கர்கள், பாளையங்கள். திருவாலங்காடும் திருத்தணியும் கார்வேட்டிநகர் சமீனில் இருந்தன. பிரிட்டிஷ் ஆட்சியில் முதலில் வடஆர்க்காடு மாவட்டம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தோம். இதற்கிடையே 1856 சூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. அந்தப் பாதை நம் ஒன்றியத்தின் வழியாகத்தான் போகிறது. இன்று காலை மின்சார இரயிலில் தொங்கிக்கொண்டு சென்னைக்கு வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளின் பெற்றோர், தென்னிந்தியாவின் மிகப் பழைய தண்டவாளத்தில்தான் போகிறார்கள். பாவம், நிற்க இடம் கிடைக்காத நெரிசலில் அந்தப் பெருமையை நினைக்க நேரமிருக்காது.

இனி மொழிகள்.

1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆந்திரத்துக்குப் போனது. திருத்தணி வட்டமும் போனது, திருவாலங்காடும் போனது. ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள் நாம் ஆந்திர மாநிலத்தில் இருந்தோம். இப்போது எண்பது வயதைத் தொடும் தாத்தா பாட்டிகள் அந்த மாநிலத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள். அவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு செயல்திட்டம் என்று பிள்ளைகளை அனுப்பிப் பேட்டி எடுக்கச் சொல்வதானால், இந்த ஆண்டே செய்யுங்கள். அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கக் கூடிய வேலை அல்ல அது.

வடக்கெல்லைப் போராட்டத்தை ம.பொ.சி. பெயரோடு சொல்கிறோம், சரிதான். ஆனால் அதற்கு வெகு முன்பே மண்ணைப் பண்படுத்தியவர் ஓர் ஆசிரியர். அரக்கோணத்தை அடுத்த புளியமங்கலத்தைச் சேர்ந்த மங்கலங்கிழார். நம் ஒன்றியத்திலிருந்து இரயிலில் சில நிலையங்கள் தள்ளி. ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். பாடம் எடுத்ததுதான் அவர் நடத்திய போராட்டம். 1953-இல் அவர் மறைந்தார். தான் எதற்காக உழைத்தாரோ அது நிறைவேறியதைப் பார்க்கவில்லை. பட்டாஸ்கர் பரிந்துரைப்படி எல்லை மாற்றச் சட்டம் 1959-இல் வந்தது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நாம் செங்கல்பட்டு மாவட்டம் ஆனோம். பதிலுக்குச் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம்.

இந்த வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லும்போது ஒன்று விடுபட்டுப் போகிறது. கோட்டை எங்கே போட்டாலும் அதன் இரண்டு பக்கமும் ஆட்கள் மிஞ்சுவார்கள். நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் தமிழ் பேசும் வீடுகள் மிஞ்சின. திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் நம் ஒன்றியத்திலும் தெலுங்கு பேசும் வீடுகள் மிஞ்சின. ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: நம் பக்கம் 'கண்டிகை' என்று முடியும் சிற்றூர்கள் ஏராளம்; எல்லைக்கு அந்தப் பக்கம் அதே சொல் 'கண்ட்ரிக' என்று முடிகிறது. வருகைப் பதிவேட்டில் உள்ள பிள்ளைகளின் ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் குறிக்கச் செய்தாலே எல்லைக்கோடு எவ்வளவு பின்னால் வந்தது என்பது தெரிந்துவிடும்.

நாம் ஆண்டுதோறும் செப்டம்பர் 5-இல் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோமே, அந்தச் சர்வபள்ளி இராதாகிருட்டிணன் திருத்தணிக்காரர். வீட்டு மொழி தெலுங்கு. அவரை நம் ஊர்க்காரர் என்று பெருமையோடு சொல்கிறோம். அதே மூச்சில், வீட்டில் தெலுங்கு பேசிவிட்டு முதல் வகுப்பில் வந்து உட்காரும் குழந்தை 'ழ'கரத்தில் தடுமாறினால், "இதுக்குத் தமிழே வரல" என்று எழுதிவிடுகிறோம். அந்தக் குழந்தைக்கு ஒரு மொழி ஏற்கெனவே முழுசாக வந்திருக்கிறது. அதை நாம் கணக்கில் எடுக்காததுதான் சிக்கல்.

தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. முதல் வகுப்பிலிருந்து படிப்படியாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்கு விலக்கு வேண்டும் என்று வழக்குகளும் நடந்தன. சட்டம் சரியா தவறா என்று இந்த மேடையில் விவாதிக்க வரவில்லை. தமிழ்நாட்டில் வாழும் பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்கும் வழி, வீட்டு மொழியை வாசலில் செருப்போடு விடச் சொல்வதாக இருக்க வேண்டியதில்லை. 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் படத்தைக் காட்டி, "உங்க வீட்டுல இதுக்கு என்ன பேரு?" என்று ஒரு கேள்வி கேட்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

இங்கே பிரேசிலுக்கு ஒரு நடை போய்வருவோம். அமேசான் பகுதியில், ரியோ நீக்ரோ ஆற்றங்கரையில் சாவோ கேபிரியேல் ட கஷோயிரா என்று ஒரு நகராட்சி. பரப்பு ஏறத்தாழ 1,09,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாடே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்! ஆனால் மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பில் ஐம்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டியது. பெரும்பாலோர் பழங்குடியினர். இருபது இனங்களுக்கு மேல். ஒரு காலத்தில் அங்கே பாதிரிமார் நடத்திய விடுதிப் பள்ளிகளில் தாய்மொழியில் பேசிய குழந்தைகளுக்குத் தண்டனை கிடைத்தது. 2002-இல் அந்த நகராட்சி ஒரு சட்டம் போட்டது: போர்த்துகீசியத்தோடு நியெங்காத்து, துக்கானோ, பனீவா ஆகிய மூன்றும் ஆட்சிமொழிகள். பிரேசிலில் ஒரு நகராட்சி இப்படிச் செய்தது அதுவே முதல்முறை. பின்னர் எஸ்பிரித்து சாந்து மாநிலத்தில், செருமானியக் குடியேறிகளின் பொமரேனிய மொழிக்கும் சில நகராட்சிகள் இடம் கொடுத்தன.

சட்டம் போட்டதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. துக்கானோவில் பாடம் எடுக்க ஆசிரியர் வேண்டும், பாடநூல் வேண்டும், அலுவலகத்தில் அந்த மொழி தெரிந்தவர் வேண்டும். அங்கே அது பாதியில் நிற்கும் வேலைதான். ஆனாலும் ஏழாம் வகுப்பில் பிரேசில் நடத்தும்போது காப்பிக்கும் கால்பந்துக்கும் நடுவே இந்த ஊருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். நம் வகுப்பில் இருக்கும் தெலுங்கு வீட்டுப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

பொருளாதாரத்திலும் பிரேசில் நம்மை விடாது. திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பது திருத்தணியில் அல்ல, திருவாலங்காட்டில். உலகில் கரும்பு அதிகம் விளைவது பிரேசிலில், அடுத்தது இந்தியா. அங்கே விளைச்சல் அதிகமானால் உலகச் சந்தையில் சர்க்கரை விலை சரியும். அங்கே கரும்பை எத்தனாலாக்கி வண்டிக்கு ஊற்றினால் விலை ஏறும். 1975-லேயே அதற்குத் தேசியத் திட்டம் தொடங்கியவர்கள் அவர்கள். இன்னொரு பக்கம், கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில் தி.சு. வெங்கட்ராமன் உருவாக்கிய கோ 290, கோ 419 இரகங்கள் ஒரு காலத்தில் பிரேசில் வயல்களில் பரவலாக நின்றன. பெற்ற பிள்ளை பக்கத்துத் தெருவில் போட்டிக்கடை வைத்த கதை!

நம் ஊர் உழவர் இதை எப்படி உணர்கிறார்? கரும்பை வெட்டினால் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய் அரைபட வேண்டும். வெட்டு உத்தரவு தாமதமானால், வண்டி வரிசையில் நின்றால், எடையும் குறையும், சர்க்கரைக் கட்டுமானமும் குறையும். இந்தக் கட்டுமானத்தை வைத்து எட்டாம் வகுப்புக்கு ஒரு சதவீதக் கணக்கு கொடுக்கலாம். 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீதக் கட்டுமானத்துக்கு டன்னுக்கு 3,400 ரூபாய். 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் 3,151 ரூபாய். ஏக்கருக்கு 40 டன் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் எவ்வளவு? 9,960 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளை வீட்டுக்குப் போய், "நம்ம கரும்புக்கு எவ்வளவு கட்டுமானம்ப்பா?" என்று கேட்கும். அப்பாவுக்குப் பதில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். எப்படியானாலும் அந்த வீட்டில் சமூக அறிவியல் நுழைந்துவிட்டது.

கரும்புக்குத் தண்ணீர் வேண்டும். கொசஸ்தலை நீரைப் பூண்டியில் தேக்கி 1944-லிருந்து சென்னை குடிக்கிறது. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது போதாமல் ஆற்றுப்படுகையின் நிலத்தடி நீரும் சென்னைக்குப் போனது. வறட்சிக் காலத்தில் உழவர்களின் கிணற்று நீரையே குடிநீர் வாரியம் விலைக்கு வாங்கியது. பயிருக்கு இறைப்பதைவிடத் தண்ணீராக விற்பது இலாபம் என்று கணக்குப் போட்ட கிராமங்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்வது எளிது. நம் பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதிடட்டும்: கிணறு என்னுடையது, அதன் கீழே இருக்கும் தண்ணீர் யாருடையது? ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சாசனங்கள் யார் வாய்க்கால் வெட்டலாம், யார் இறைக்கக் கூடாது என்று எழுதிவைத்தது எதற்காக என்பது அப்போது விளங்கும்.

1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் ஒப்பந்தம் போட்டார்கள். கிருஷ்ணா நீர் 12 டி.எம்.சி. சென்னைக்கு. 1996-இல் கண்டலேறு கால்வாய் வழியாக அது பூண்டிக்கு வந்து சேர்ந்தது. கால்வாய்க்குப் பெயர் தெலுங்கு கங்கை. முப்பது ஆண்டுக்கு முன் ஊருக்காக மல்லுக்கு நின்ற அதே எல்லையைத் தாண்டித்தான் குடிநீர் வந்தது. இராசேந்திரன் கங்கை நீரை வெற்றித்தூண் என்று எழுதிவைத்தான். நமக்கு வந்த கங்கை பேச்சுவார்த்தையில் வந்தது. இரண்டையும் ஒரே பாடவேளையில் நடத்தினால் நன்றாயிருக்கும்.

நெசவையும் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளையும் இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டைப் பக்கம் கைத்தறி விசைத்தறியாக மாறிவிட்டது. விடிவதற்கு முன்பே கம்பெனிப் பேருந்து வந்து நம் முன்னாள் மாணவிகளை ஏற்றிக்கொண்டு போகிறது. நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது அந்தப் பேருந்துகளும் ஒரே நாளில் நின்றன. அதைப் பார்த்த ஊர்கள் இவை. ஆலைகள் பற்றி எழுதப் புகுந்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கே தனிக் கட்டுரை வேண்டும்.

எனக்கு அதிகம் பேச வேண்டியிருப்பது செங்கல் சூளைகளைப் பற்றி.

ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் நம் மாவட்டத்துச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா, காளாஹண்டி மாவட்டங்கள். ஊரில் முன்பணம் வாங்கிவிட்டு, இங்கே ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று உழைத்துக் கழிப்பவர்கள். கல் எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் குடும்பம் முழுதும் மண்ணில் இறங்கும். குழந்தையின் கை சிறியது. காயும் கல்லைத் திருப்பிப் போட வசதி. அங்கேதான் படிப்பு நிற்கிறது. சூளைப் பகுதியிலேயே பள்ளி, ஒடிய மொழிப் பாடநூல், ஒடிய மொழி தெரிந்த தன்னார்வலர் என்று நம் மாவட்டம் செய்த முயற்சி பிற மாவட்டங்களுக்கும் முன்மாதிரி என்பது உண்மை. ஆனால் அந்தக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சு பாடநூல் ஒடியா கூட அல்ல; சம்பல்புரி. நம் தெலுங்குப் பிள்ளைக்கு ஒரு படி ஏற வேண்டியிருக்கிறது என்றால், இவர்களுக்கு இரண்டு படி. மூன்றாவதாகத் தமிழ்.

இன்னொரு சிக்கல் நாட்காட்டி. நம் கல்வியாண்டு சூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. அவர்கள் வருவது நடுவில், போவது அடுத்த மழைக்கு முன். அங்கேயும் ஆண்டின் நடுவில் விலகி, இங்கேயும் நடுவில் சேர்ந்து, இரண்டு மாநிலப் பதிவேட்டிலும் அரை அரையாக இருக்கும் குழந்தை எந்த வகுப்பிலும் முழுசாக இருப்பதில்லை. இதே அரைப் பதிவுதான் ஏரிக்கரையிலும் அரிசி ஆலைகளிலும் இடம் மாறி வாழும் நம் இருளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும். அவர்கள் வெளிமாநிலத்தார் அல்ல. இந்த மண்ணில் நம் எல்லாரையும்விடப் பழையவர்கள். அப்படியிருந்தும் 'இடைநிற்றல்' பட்டியலில் முதலில் வருவது அவர்கள் பெயர்.

சோழர் சாசனம் சுட்ட செங்கல் வீட்டைச் சலுகையாக எழுதியது என்று சொன்னேன். இன்று சென்னையைச் சுற்றி எழும் மாடங்களுக்கு நம் சூளைகளிலிருந்து கல் போகிறது. அதை அறுத்த கைகளின் மொழி நம் ஒன்றியத்தின் 'மொழிகள்' பட்டியலில் எங்கும் இல்லை. திருவாலங்காட்டின் வரலாறு, மொழிகள், பொருளாதாரம் என்று நாம் பிள்ளைகளை எழுதச் சொல்லும் கட்டுரையில் அந்த வரி இடம்பெற வேண்டும்.

செய்யக் கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, வருகிற பருவத்தில் ஒரு சனிக்கிழமை ஊராட்சி எல்லை நடை நடத்துவோம். யானைக்குப் பதில் ஊராட்சித் தலைவரையோ கிராம நிர்வாக அலுவலரையோ அழைத்துக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கிழக்கெல்லை எந்த வாய்க்கால், தெற்கெல்லை எந்தப் பனைமரம் என்று செப்பேட்டு நடையில் பிள்ளைகள் எழுதட்டும். ஒவ்வொரு பள்ளியும் ஒரு பெரிய தாளில் வகுப்பில் உள்ள வீட்டு மொழிகளையெல்லாம் எழுதி, 'தண்ணீர்', 'அம்மா', 'செங்கல்' மூன்று சொற்களையும் அந்தந்த மொழியில் தமிழ் எழுத்தால் எழுதி ஒட்டட்டும். வாய்ப்புள்ளவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று சோழர் செப்பேடுகளைக் காட்டுங்கள்.

சூளைப் பிள்ளைகள் உங்கள் பள்ளியில் இருந்தால் ஒன்று மட்டும் கூடுதலாக. அவர்கள் ஊர் திரும்பும் நாள் நமக்கு முன்கூட்டித் தெரியாது. ஒரு நாள் இரவோடு இரவாக வண்டி ஏறிவிடுவார்கள். ஆகவே ஏப்ரல் மாதமே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் தயார் செய்துவிடுங்கள். என்ன படித்தது, எந்த எண் வரை கூட்டும், எத்தனை எழுத்து தெரியும், எத்தனை நாள் வந்தது. தமிழில் ஒரு பக்கம். மறுபக்கம் ஒடியாவில், தன்னார்வலரை எழுதச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் இருக்கட்டும். நெகிழி உறையில் போட்டு அம்மாவின் கையில் கொடுங்கள். அவர்தான் பத்திரமாக வைத்திருப்பார். மாதிரித் தாள் பின்வரிசை மேசையில் இருக்கிறது. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.